இணையும் வங்கிகளும் மாறும் வரைபடமும்

மலேசியாவின் சிறு நகரம் ஒன்றின் முதன்மைச் சாலையில் நடந்து சென்றால், மருந்தகம், மளிகைக்கடை, உணவகம் ஆகியவற்றுக்கு இடையே ஒன்றிரண்டு வங்கிக் கிளைகளைக் காணலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே சாலையில் நடந்தவர்கள் இன்று அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் வியப்படைவார்கள். பான் ஹின் லீ, ஹொக் ஹுவா, வா தாட், ஓரியண்டல், பசிபிக், குவோங் யிக் என்று அவர்களுக்குப் பழக்கமான வங்கிகளின் பெயர்கள் இப்போது எங்கும் தொங்குவதில்லை. அந்த வங்கிகளில் மக்கள் போட்டு வைத்த பணம் காணாமல் போய்விடவில்லை. அவை ஒவ்வொன்றும் வேறொரு பெரிய வங்கியோடு இணைந்துவிட்டன.

இரண்டு வங்கிகள் இணையும்போது செய்தித்தாள்கள் பொதுவாக இரண்டு விவரங்களை முன்னிறுத்தும். புதிய வங்கியின் பெயர் என்ன, அதன் மொத்தச் சொத்து எவ்வளவு என்பவையே அவை. ஊரில் வாழும் மக்களுக்கு இவற்றைவிட முக்கியமான மூன்றாவது விவரம் ஒன்று உண்டு. அதுதான் இடம். தலைமையகம் எந்த நகரத்தில் இருக்கும்? எந்தக் கிளை தொடரும், எந்தக் கிளை மூடப்படும்? ஒரு சிறு வணிகரின் கடன் விண்ணப்பத்தை எந்த ஊரில் அமர்ந்திருப்பவர் முடிவு செய்வார்? வங்கி இணைப்பு இந்த வினாக்களுக்கான விடைகளை மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை மலேசியாவின் அனுபவத்தைக் கொண்டு அறிந்துகொள்ளலாம்.

ஊரில் பிறந்த வங்கிகள்

பணம் புழங்கும் இடத்தைத் தேடித்தான் வங்கிகள் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவில் பணம் அதிகம் புழங்கிய இடங்களில் ஒன்று பினாங்குத் துறைமுகம். ஆகவே ஐரோப்பியர்களின் வங்கிகள் முதலில் அங்கே வந்து இறங்கின. மெர்க்கன்டைல் வங்கி 1859-லும், சார்ட்டர்ட் வங்கி 1875-லும், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884-லும் ஜார்ஜ் டவுனில் கிளைகளைத் திறந்தன. ஈயம், மிளகு, பின்னர் இரப்பர் ஆகியவற்றை ஏற்றுமதி செய்த பெரிய நிறுவனங்களே அவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள்.

சிறு வணிகர்களுக்கும் தோட்டம் போட விரும்பியவர்களுக்கும் அந்த வங்கிகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதி, கோலாலம்பூரின் லெபோ அம்பாங், சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட் ஆகிய இடங்களில் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின் கீழ்ப் பல முதலாளிகளின் முகவர்கள் அருகருகே அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்தனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் அனுப்பிய முகவர் இங்கே கடன் கொடுப்பார். கடன் கேட்பவரை நேரில் பார்த்து, அவருடைய தொழிலை அறிந்து, அந்த இடத்திலேயே முடிவெடுக்கும் உரிமை முகவருக்கு இருந்தது. இலாபம் கடல் கடந்து போனாலும் முடிவு மட்டும் உள்ளூரிலேயே எடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் உள்ளூர்ச் சீன வணிகர்கள் தங்களுக்கென வங்கிகளை நிறுவத் தொடங்கினர். கோலாலம்பூரில் 1913-இல் குவோங் யிக் வங்கி தோன்றியது. கூச்சிங்கில் 1924-இல் பியன் சியாங் வங்கி தொடங்கப்பட்டது. சிபு நகரில் 1929-இல் வா தாட் வங்கி உருவானது. ஜார்ஜ் டவுனில் இயாப் சோர் ஈ என்பவர் 1935-இல் பான் ஹின் லீ வங்கியை நிறுவினார். ஒவ்வொரு வங்கியும் ஒரு வட்டாரத்தின் வணிகத்தோடு ஒட்டி வளர்ந்தது. அந்த ஊர்களில் வங்கி நிறுவனரும், கிளை மேலாளரும், கடன் வாங்கும் கடைக்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருந்தனர்.

நெருக்கடி தந்த உந்துதல்

ஓர் ஊரை மட்டும் நம்பியிருக்கும் வங்கிக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த ஊரின் தொழில் நன்றாக நடக்கும்வரை வங்கியும் செழிக்கும். மரத்தொழிலோ இரப்பர் விலையோ சரிந்தால், கடன் வாங்கிய அனைவரும் ஒரே நேரத்தில் தடுமாறுவார்கள். அப்போது வங்கியின் அடித்தளமும் ஆட்டம் காணும். பல மாநிலங்களில், பல தொழில்களுக்குக் கடன் கொடுத்திருக்கும் பெரிய வங்கி, ஓரிடத்தில் ஏற்பட்ட இழப்பை மற்றோரிடத்தில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு ஈடுகட்ட முடியும்.

1997-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தாய்லாந்தில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி இந்தப் பலவீனத்தை வெளிச்சமாக்கியது. நெருக்கடிக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.50 ரிங்கிட்டாக இருந்த நாணய மாற்று விகிதம், 1998 ஜனவரியில் 4.88 ரிங்கிட் வரை சரிந்தது. நிறுவனங்கள் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் திணறின. வங்கிகளிடம் வாராக் கடன்கள் குவிந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தா என்ற நிறுவனத்தையும், வங்கிகளுக்கு மூலதனம் வழங்க டானாமோடல் என்ற நிறுவனத்தையும் மலேசியா 1998-இல் அமைத்தது.

அதன் பின்னர் 1999 ஜூலையில் பேங்க் நெகாரா மலேசியா பெரும் இணைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அப்போது நாட்டில் 21 வணிக வங்கிகள், 25 நிதி நிறுவனங்கள், 12 முதலீட்டு வணிக வங்கிகள் என மொத்தம் 58 உள்நாட்டு நிறுவனங்கள் இருந்தன. அவற்றை ஆறு குழுமங்களாக இணைப்பதே தொடக்கத் திட்டம். அதற்குப் பல தரப்பினரும் மறுப்புத் தெரிவித்ததால், வங்கிகள் தங்கள் இணைப்புப் பங்காளியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. முடிவில், 2000 பிப்ரவரியில் பத்து வங்கிகள் தலைமை வங்கிகளாக ஏற்கப்பட்டன. பிந்தைய ஆண்டுகளில் அந்தப் பத்தும் எட்டாகக் குறைந்தன. இன்று மேபேங்க், சி.ஐ.எம்.பி., பப்ளிக் வங்கி, ஆர்.எச்.பி., ஹொங் லியோங், ஆம்பேங்க், அஃபின், அலையன்ஸ் ஆகியவையே அந்த எட்டு உள்நாட்டு வங்கிக் குழுமங்கள். எட்டின் தலைமையகங்களும் கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ளன.

சிபுவை விட்டுச் சென்ற தலைமையகங்கள்

வங்கி இணைப்பால் வரைபடத்தில் ஏற்படும் முதல் மாற்றம் தலைமையகத்தின் இடமாற்றம். இதற்குச் சரவாக்கின் சிபு நகரம் தெளிவான எடுத்துக்காட்டு.

ராஜாங் ஆறும் இகான் ஆறும் சந்திக்கும் இடத்தில் அமைந்த சிபு, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் சந்தையாக விளங்கியது. 1901 முதல் சீனாவின் ஃபூச்சோவ் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கு இரப்பர், மிளகு, மரத்தொழில் ஆகியவற்றில் ஈடுபட்டனர். அந்த வணிகத்தின் பலத்தில் வா தாட், ஹொக் ஹுவா, கோங் மிங் என்று மூன்று வங்கிகள் சிபுவில் தோன்றின. நடுத்தர அளவுள்ள ஆற்றங்கரை நகரம் ஒன்றில் மூன்று வங்கிகளின் தலைமையகங்கள் இருந்தது அரிய செய்தி.

அந்த மூன்றும் வெவ்வேறு வழிகளில் சிபுவை விட்டுச் சென்றன. கோங் மிங் வங்கி கைமாறி, 1990-களில் ஈயோன் வங்கி என்று பெயர் பெற்றது; அதன் தலைமையகம் தீபகற்பத்தில் அமைந்தது. 2001-இல் வா தாட் வங்கி ஹொங் லியோங் வங்கியோடும், ஹொக் ஹுவா வங்கி பப்ளிக் வங்கியோடும் இணைந்தன. 2011-இல் ஈயோன் வங்கியும் ஹொங் லியோங் வங்கியோடு இணைந்தது. இவ்வாறு சிபுவில் போட்டி போட்டு வளர்ந்த மூன்று வங்கிகளின் வணிகமும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தென்சீனக் கடலின் மறுகரையில் உள்ள இரண்டு தலைமையகங்களின் கீழ் வந்து சேர்ந்தது.

சரவாக்கிலிருந்து புறப்பட்டது சிபுவின் வங்கிகள் மட்டுமல்ல. ஹொங் லியோங் வங்கியின் வேரே கூச்சிங்கில்தான் இருக்கிறது. 1905-இல் அங்குத் தொடங்கப்பட்ட குவோங் லீ என்னும் அடமான, பணம் அனுப்பும் நிறுவனமே பல கைமாறி, 1994-இல் அந்தப் பெயரைப் பெற்றது. கூச்சிங்கின் பேங்க் உத்தாமா 2003-இல் ஆர்.எச்.பி. வங்கியோடு இணைந்தது. சபாவில் சபா வங்கியும் இதே வழியில் சென்று, 2001-இல் அலையன்ஸ் வங்கியின் ஒரு பகுதியானது.

தலைமையகம் இடம்பெயர்ந்தால் ஊருக்கு என்ன இழப்பு? முதலாவதாக, கணக்காளர், சட்ட அலுவலர், கணினி நிபுணர் போன்ற உயர்பதவி வேலைகள் தலைமையகத்தோடு சேர்ந்து போய்விடும். இணைப்புக் காலத்தில் பல வங்கிகள் ஊழியர்களுக்கு விருப்பப் பணிவிலகல் திட்டத்தை அறிவித்தன. வங்கியில் வளர விரும்பிய சிபு இளைஞர் இனிக் கோலாலம்பூருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, தலைமையகத்துக்குச் சேவை வழங்கிய உள்ளூர் அச்சகம், வழக்கறிஞர் அலுவலகம், கட்டட ஒப்பந்தக்காரர் ஆகியோரின் வருமானம் குறையும். மூன்றாவது இழப்பு, முடிவெடுக்கும் அதிகாரம். அது கடன் தொடர்பானது என்பதால் பின்னர்த் தனியாக விளக்கப்படுகிறது.

ஒரே தெருவில் இரண்டு கிளைகள்

இரண்டாவது மாற்றம் கிளைகளில் நிகழ்கிறது. இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும்.

‘அ’ வங்கிக்கு வடக்கு மாநிலங்களில் 40 கிளைகளும், ‘ஆ’ வங்கிக்குத் தெற்கு மாநிலங்களில் 40 கிளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் இணைந்தால் புதிய வங்கிக்கு நாடெங்கும் 80 கிளைகள் கிடைக்கும். எதையும் மூட வேண்டிய தேவை பெரிதாக எழாது. இதற்கு மாறாக, இரண்டு வங்கிகளுக்கும் அதே 40 நகரங்களில்தான் கிளைகள் உள்ளன என்று கொண்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு நகரத்திலும் ஒரே வங்கிக்கு இரண்டு கிளைகள் இருக்கும். இரண்டு வாடகை, இரண்டு மேலாளர், இரண்டு பாதுகாவலர். ஒன்றை மூடினால் செலவு குறையும். ஆகவே, இணையும் வங்கிகள் ஒரே இடத்தில் எவ்வளவு அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவோ, அவ்வளவு அதிகமான கிளைகள் மூடப்படும்.

மலேசியாவில் இந்த இரு நிலைகளுமே நிகழ்ந்தன. ஹொக் ஹுவா வங்கியை ஏற்றதால் பப்ளிக் வங்கிக்குச் சரவாக்கில் கிளைகள் கூடின. மறுபுறம், ஒரே குழுமத்தைச் சேர்ந்த வங்கியும் நிதி நிறுவனமும் பல நகரங்களில் அடுத்தடுத்த கடைவீடுகளில் இயங்கி வந்தன. மோட்டார் சைக்கிள், கார் ஆகியவற்றைத் தவணையில் வாங்க மக்கள் நிதி நிறுவனத்தை நாடினர். சேமிப்புக்கு வங்கிக்குச் சென்றனர். 2004-இல் மேபேங்க், பப்ளிக் வங்கி ஆகியவை தங்கள் நிதி நிறுவனங்களின் வணிகத்தை வங்கியோடு சேர்த்துக்கொண்டபோது, அத்தகைய இரட்டைக் கடைவீடுகளின் தேவையும் மறைந்தது.

பெரிய நகரத்தில் ஒரு கிளை மூடப்பட்டால், வாடிக்கையாளர் அடுத்த சாலைக்கு நடந்தால் போதும். சிறு நகரத்தில் இருப்பதே இரண்டு கிளைகள் என்றால், ஒன்று மூடப்பட்டதும் மீதமுள்ளதில் வரிசை நீளும். அந்த ஒன்றும் மூடப்பட்டால் அடுத்த நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். பணி ஓய்வுத் தொகையை எடுக்க வரும் முதியவர், அன்றாட விற்பனைப் பணத்தை வங்கியில் கட்ட வேண்டிய மளிகைக் கடைக்காரர், வாகனம் இல்லாத தோட்டப்புறக் குடும்பங்கள் ஆகியோருக்கு அது அரை நாள் வேலை. வங்கியின் கணக்குப் புத்தகத்தில் மிச்சமாகக் காணப்படும் தொகையில் ஒரு பங்கு, இவர்களின் பேருந்துக் கட்டணமாகவும் இழந்த வேலை நேரமாகவும் இடம் மாறியிருக்கிறது. அது எந்த ஆண்டறிக்கையிலும் பதிவாவதில்லை.

கடன் முடிவாகும் இடம்

மூன்றாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. கிளை அதே இடத்தில் இருக்கும். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும். ஆனால், கிளை மேலாளரின் மேசையில் முடிவான ஒரு செயல் இப்போது வேறு நகரத்தில் முடிவாகும்.

கடன் கொடுப்பவருக்கு இரண்டு வகைத் தகவல்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, எழுத்தில் உள்ள தகவல். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, நிலப் பட்டா, முந்தைய கடன்களின் பதிவு ஆகியவை இவ்வகை. இவற்றை எந்த ஊருக்கும் நொடியில் அனுப்பிவிடலாம். மற்றொன்று, பழக்கத்தால் அறியும் தகவல். இந்தக் கடைக்காரர் சொன்ன சொல் தவறாதவர். அவருடைய கடைக்கு எதிரே புதிய பள்ளி வரப்போகிறது. சென்ற ஆண்டு வெள்ளத்தில் சரக்கு நனைந்ததால்தான் அவர் இரண்டு தவணை தவறினார். இத்தகைய செய்திகளை உள்ளூர் மேலாளர் அறிவார். அவற்றை விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களில் நிரப்புவது கடினம்.

சிறிய வட்டார வங்கியின் பலமே இந்த இரண்டாவது வகைத் தகவல்தான். பெரிய வங்கியோ ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டியிருக்கிறது. எனவே, விண்ணப்பங்கள் மையப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, எழுத்தில் உள்ள தகவலுக்குப் புள்ளிகள் இடப்பட்டு முடிவு செய்யப்படுகின்றன. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. சில வேளைகளில் கடன் முன்னைவிட விரைவாகவும் கிடைக்கிறது. முறையான கணக்கேடு வைத்திராத சிறு வணிகரே சிக்கலுக்கு உள்ளாகிறார். அவருடைய நாணயத்தை ஊர் அறியும். மையப் பிரிவின் கணினி அறியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உள்ளூர் மேலாளர் ஒருவரின் கையில் முழு அதிகாரமும் இருந்தால், உறவினருக்கும் நண்பருக்கும் முன்னுரிமை கிடைக்கவும், மேலாளருக்கு அறிமுகமில்லாத ஏழைக்குக் கதவு அடைக்கப்படவும் வாய்ப்புண்டு. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது இந்தப் பாகுபாட்டைக் குறைக்கிறது. ஆகவே, மையப்படுத்துவதை முற்றிலும் தீமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டே, உள்ளூர் மேலாளரின் கருத்துக்கும் இடம் தரும் முறையை வங்கி அமைத்திருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

ஒரு வங்கிக்குள் பல ஊர்கள்

இணைப்புகளின் வரலாற்றை அறிந்தவருக்கு ஒரு வங்கியின் பெயரே வரைபடமாகத் தோன்றும். சி.ஐ.எம்.பி. வங்கியை எடுத்துக்கொள்ளலாம். கூச்சிங்கில் 1924-இல் பிறந்த பியன் சியாங் வங்கி, 1979-இல் பேங்க் ஆஃப் காமர்ஸ் என்று பெயர் மாறியது. 1991-இல் அதனோடு யுனைடெட் ஏசியன் வங்கி சேர்ந்தது. 1999-இல் பேங்க் பூமிபுத்ரா இணைந்தது. ஜார்ஜ் டவுனின் பான் ஹின் லீ வங்கியைத் தன்னுள் ஏற்றிருந்த சதர்ன் வங்கி 2006-இல் வந்து சேர்ந்தது. பல கிளையாறுகள் கலந்து ஓடும் பேராறு போல, கூச்சிங், ஜார்ஜ் டவுன், கோலாலம்பூர் ஆகிய நகரங்களின் வணிக வரலாறு இந்த ஒரு வங்கிக்குள் கலந்திருக்கிறது.

இவற்றுள் யுனைடெட் ஏசியன் வங்கியின் பின்னணி தமிழரோடு தொடர்புடையது. கிட்டங்கித் தொழிலில் ஈடுபட்டிருந்த சமூகத்திலிருந்து வந்த மு. சிதம்பரம் செட்டியார், 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் தொடங்கிய அந்த வங்கி, விரைவில் மலாயாவுக்கும் வந்தது. இந்தியன் வங்கியும் யுனைடெட் கமர்ஷியல் வங்கியும் இங்குக் கிளைகளை நடத்தின. 1969-இல் இந்திய அரசாங்கம் இந்த மூன்றையும் உள்ளிட்ட 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கிகள் மலேசியாவில் இயங்க இந்நாட்டுச் சட்டம் இடமளிக்கவில்லை. எனவே, மூன்று வங்கிகளின் மலேசியக் கிளைகளும் 1973-இல் ஒன்றிணைக்கப்பட்டு, யுனைடெட் ஏசியன் வங்கி என்ற உள்நாட்டு வங்கியாயின. தில்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, மலேசிய நகரங்களில் இருந்த வங்கிகளின் பெயரையும் உரிமையையும் மாற்றியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இணைப்பால் கிடைத்தவை

இழப்புகளை மட்டும் எண்ணினால் கணக்கு முழுமையாகாது. வட்டார வங்கி ஒன்றில் கணக்கு வைத்திருந்தவர், வெளிமாநிலத்துக்குச் சென்றபோது அங்குத் தம் வங்கியின் கிளையைக் காண்பது அரிது. இணைப்புக்குப் பிறகு அதே கணக்கை நாட்டின் பல நகரங்களில் பயன்படுத்த முடிந்தது. சிபுவிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கச் சென்ற மாணவருக்குப் பெற்றோர் பணம் அனுப்புவது எளிதாயிற்று. கணினி அமைப்பு, இணையவழி வங்கிச் சேவை, மோசடித் தடுப்பு ஆகியவற்றுக்குப் பெரும் முதலீடு தேவை. சில கிளைகளை மட்டும் கொண்ட வங்கியால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. மக்களின் வைப்புத்தொகையும் ஒரே ஊரின் தொழிலை நம்பியிராமல் பரவலான அடித்தளத்தைப் பெற்றது.

கிளை இல்லாத ஊர்களில்

கிளைகள் குறையும் ஊர்களில் உண்டாகும் இடைவெளியை நிரப்ப நாட்டில் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. அஞ்சல் நிலையச் சேமிப்பு வங்கியின் பொறுப்புகளை ஏற்று 1974 டிசம்பரில் உருவான பேங்க் சிம்பானான் நேஷனல், சிறு சேமிப்பாளர்களை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்டது. மேலும், பேங்க் நெகாரா 2012-இல் முகவர் வங்கிச் சேவைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி மளிகைக்கடை, எண்ணெய் நிலையம், அஞ்சல் நிலையம் போன்றவை வங்கியின் முகவர்களாகச் செயல்படலாம். அங்கே பணம் கட்டலாம், எடுக்கலாம், கட்டணங்களையும் செலுத்தலாம். வங்கியின் பெயரில் ஊர்க் கடைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுப்பது, முகவர் அமர்ந்திருந்த கிட்டங்கிக் காலத்தை ஓரளவு நினைவூட்டுகிறது. ஆனால், அன்றைய முகவரைப் போலக் கடன் கொடுக்க முடிவு செய்யும் அதிகாரம் இன்றைய முகவர் கடைக்கு இல்லை.

கைப்பேசிவழி வங்கிச் சேவையும் பரவியுள்ளது. 2022-இல் ஐந்து இலக்கவியல் வங்கிகளுக்கான உரிமம் பெறுவோரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. இவை கிளைகளின்றி இயங்குபவை. கைப்பேசியைக் கையாளத் தெரிந்த இளையோருக்கு வங்கி இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆயினும், இணைய இணைப்பு வலுவற்ற உட்புற ஊர்களிலும், சிறு எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களிடத்தும் இந்த வசதி முழுமையாகச் சென்று சேர்வதில்லை. ஏமாற்று அழைப்புகளுக்கு அஞ்சிக் கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்தைத் தவிர்ப்பவர்களும் உள்ளனர். அவர்களுக்கு, கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து, கேட்ட ஐயத்துக்கு விளக்கம் சொல்லும் ஊழியர் இன்னமும் தேவைப்படுகிறார்.

வரைபடத்தைப் படித்தல்

வங்கி இணைப்பு என்பது பணத்தைப் பாதுகாக்கும் தேவையிலிருந்து எழுவது. 1997-இன் நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தேவை மெய்யாகவே இருந்தது. அதே வேளையில், அதன் பயன்களும் சுமைகளும் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவில் பகிரப்படவில்லை. வேலைகளும் அதிகாரமும் தலைநகரை நோக்கிச் சென்றன. கிளைகள் வணிகம் மிகுந்த நகரங்களில் நிலைத்தன. தொலைவைக் கடக்கும் பொறுப்பு சிறு நகர மக்களின் தோளில் ஏறியது.

எதிர்காலத்தில் மற்றோர் இணைப்புச் செய்தி வரும்போது, மொத்தச் சொத்தின் மதிப்போடு வேறு மூன்று விவரங்களையும் தேடிப் படிப்பது நல்லது. மூடப்படும் கிளைகள் எந்த ஊர்களில் உள்ளன? அங்குள்ள மக்களுக்கு அடுத்த முகப்பு எவ்வளவு தொலைவில் இருக்கும்? சிறு வணிகர்களின் கடனை இனி யார், எங்கே முடிவு செய்வார்கள்? இந்த விவரங்கள் வெளிப்படையாகக் கேட்கப்பட்டால், வங்கிகளும் அவற்றைக் கண்காணிக்கும் அமைப்புகளும் அவற்றுக்கு விடை தேட முற்படும். முகவர் கடையை எங்கு அமைப்பது, பண இயந்திரத்தை எந்த ஊரில் விட்டு வைப்பது, மேலாளருக்கு எவ்வளவு அதிகாரம் தருவது ஆகிய முடிவுகள் மனிதர்கள் எடுப்பவை. தங்கள் ஊரின் தேவையை எடுத்துச் சொல்லும் மக்கள் இருந்தால், அந்த முடிவுகள் அவர்களுக்குச் சாதகமாகவும் அமையலாம்.